சாவுக்குப் பயப்படுகிறவர்கள் யோசிக்காதவர்களா?

கேள்வி, பிப்ரவரி 2

நான் இருக்கும்வரை சாவு இல்லை. சாவு வந்துவிட்டால் நான் இல்லை. இரண்டும் சந்திக்கப் போவதே இல்லை. அப்புறம் எதற்குப் பயம்? கிரேக்கத் தத்துவஞானி எபிகியூரஸ் ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்கை முடித்துவிட்டார். இன்னமும் பயப்படுகிறவர்கள் சரியாக யோசிக்காதவர்கள் என்பது என் கருத்து. தப்பு என்றால் எந்த இடத்தில் தப்பு என்று காட்டுங்கள்.

பதில், பிப்ரவரி 3, பின்னிரவு 1:50

எந்த இடத்திலும் தப்பு இல்லை. இருபது வருடமாக எனக்கு இந்த வாதம் தெரியும். பகலில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பயம் ஒரு வாதத்தைக் கேட்டா வந்தது, இன்னொரு வாதத்தைக் கேட்டுக் கிளம்பிப் போவதற்கு?

எனக்கு அது ஒன்பது வயதில் வந்தது. காய்ச்சலில் பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்தேன். தெருவில் மற்ற பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற சத்தம். நான் போகாவிட்டாலும் மணி அடிக்கும், வருகைப் பதிவு எடுப்பார்கள், என் பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராததால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். அந்த நினைப்பு மெல்ல நகர்ந்து, ஒருநாள் என் பெயரே பதிவேட்டில் இருக்காது என்ற இடத்தில் போய் நின்றது. இருட்டில் இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று கால் வைத்து, அது இல்லாமல் போனால் அடிவயிற்றில் ஒன்று நடக்குமே, அதுதான். அம்மாவைக் கூப்பிட்டேன். என்னடா என்றாள். தண்ணீர் என்றேன்.

அந்தப் படி இன்றும் மாதத்துக்கு ஒரு தடவையாவது தவறுகிறது. இப்போது விழித்திருப்பதும் அதனால்தான்.

பிப்ரவரி 3, காலை

இரவு எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கொஞ்சம் நாடகம். மாதத்துக்கு ஒரு தடவை என்பது மிகை, வருடத்துக்கு நாலைந்து தடவை இருக்கும். நேற்றுத் தூக்கம் வராததற்கு முக்கியக் காரணம் மத்தியானம் இரண்டு மணிநேரம் தூங்கியது.

காய்ச்சலும் பதிவேடும் உண்மை.

பிப்ரவரி 4

எபிகியூரஸை வைத்தே ஒன்று சொல்கிறேன். மனிதர் செத்தது சிறுநீரகக் கல்லால். கடைசி நாளில் நண்பருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. வலி இதற்குமேல் கூட முடியாத அளவுக்கு இருக்கிறது, ஆனால் நாம் பேசிக்கொண்டிருந்ததை நினைக்கும் மகிழ்ச்சியை அதற்கு எதிரே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்கிறார். அந்த நாளில் தன்னுடைய பிரபலமான வாதத்தை அவரே எடுக்கவில்லை. எடுத்தது பழைய பேச்சுகளின் நினைவை.

எடுக்காதது சரிதான். அந்த வாதம் செத்திருப்பதைப் பற்றியது. செத்துக்கொண்டிருப்பது வேறு சமாச்சாரம். ஒருவருக்கு மூச்சு முட்டுமே என்று பயம். இன்னொருவருக்கு, பிள்ளை இன்னும் தலையெடுக்கவில்லையே என்று. சிறுவர் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனுக்கு உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று. 'நான் செத்ததுபோல் தெரிகிறேன், அவ்வளவுதான்' என்று ஒரு சீட்டு எழுதிப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவாராம். அவரிடம் போய் எபிகியூரஸைச் சொல்லி என்ன பயன்? அவருக்கு வேண்டியது ஒழுங்காக நாடி பார்க்கிற டாக்டர்.

என் பயம் இந்த வகைகளில் சேராது. எனக்கு இல்லாமல் போவதுதான் பயம். அதாவது எபிகியூரஸ் நேராகக் குறிவைத்த அதே பயம். அப்படியும் எனக்கு அவர் மருந்து பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை, யோசித்துவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி 6

பிறப்பதற்கு முன்பு எத்தனையோ கோடி ஆண்டுகள் நாம் இல்லை, அதற்காக யாராவது அழுகிறோமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். லுக்ரீஷியஸ் என்ற பழைய ரோமானியக் கவிஞர் சொன்னது. எனக்கு ரொம்ப நாள் பிடித்த வாதம்.

சிக்கல் என்னவென்றால், நான் அழுதிருக்கிறேன்.

எனக்கு அண்ணன் இருக்கிறான், ஆறு வயது மூத்தவன். வீட்டில் எல்லோரும் சேர்ந்து போன ஏதோ ஒரு ரயில் பயணத்தைப் பற்றிப் பேச்சு வரும். வழியில் நடந்த வேடிக்கை, யாரோ தொலைத்த செருப்பு, எல்லோரும் சிரிப்பார்கள். 'நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்?' என்று கேட்பேன். 'அப்போ நீ பிறக்கவே இல்லைடா' என்பான் அண்ணன். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். நானும் இருந்தேன் என்று அடம்பிடித்து அழுவேன். நாலைந்து வயது இருக்கும்.

ஆகவே லுக்ரீஷியஸ் சொல்வது போல இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் விஷயத்தில் இரண்டு பக்கமும் வலிக்கிறது.

பிப்ரவரி 11

தூக்கம் போலத்தான் சாவு என்று வள்ளுவரே சொல்லிவிட்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சொன்னார், 339ஆம் குறள். ஆனால் அதே குறளின் அடுத்த பாதி பிறப்பை விழித்து எழுவதற்கு ஒப்பிடுகிறது. அந்தப் பாதியை நம்புகிறவருக்கு முழு ஆறுதல். நம்பாதவர் முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால், எழுந்திருக்காத தூக்கம்தான் கையில் மிஞ்சும்.

இதைத் தேடப் போய் வேறு எங்கோ போய்விட்டேன். துஞ்சுதல் என்றால் தூங்குவது, சாவது இரண்டும்தான். பழைய பாண்டியரில் இரண்டு நன்மாறன்கள் உண்டு. ஒருவர் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன், மற்றவர் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். பெயர் குழம்பாமல் இருக்க, எங்கே செத்தார் என்பதையே அடைமொழி ஆக்கிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது இந்தப் பெயரால் அவர்களை ஒருவரும் கூப்பிட்டிருக்க முடியாது. 'இவர்தான் சித்திரமாடத்தில் சாகப்போகிற நன்மாறன்' என்று யார் அறிமுகம் செய்வது? இரண்டாயிரம் ஆண்டு நிலைத்த பெயர், சொந்தக்காரர் காதில் ஒருமுறைகூட விழவில்லை.

நான் எந்த நாற்காலியில் துஞ்சிய இன்னாராக இருப்பேன் என்று கற்பனை செய்து பார்த்தேன். அலுவலக நாற்காலிதான் வருகிறது. மோசம்.

பிப்ரவரி 12

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். இறத்தல் என்ற சொல்லுக்கும் கடந்து போதல் என்பதுதான் அடிப்பொருள். இறந்த காலம் என்று இலக்கண வகுப்பில் படித்தபோது அதில் சாவே இல்லை, கடந்த காலம், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் ஆசிரியர் அதைச் சொன்னபோது வகுப்பில் நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது யோசித்தால், அதுவும் அந்தப் பதிவேட்டுக் கதையின் தொடர்ச்சி.

பிப்ரவரி 26

இரண்டு வாரம் காணாமல் போனதற்குக் காரணம், பித்தப்பையை எடுத்தார்கள். சின்ன அறுவைதான். ஆனால் முழு மயக்கம். கையில் ஏற்றிய வெள்ளை மருந்து நரம்பில் சுருக்கென்று எரிந்தது. பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள். எட்டு சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஏழு சொன்னேனா தெரியாது. அடுத்தது, ஒரு பெண் குரல் என் பெயரைச் சொல்லிக் கண்ணைத் திறக்கச் சொல்கிறது.

இடையில் ஒன்றரை மணிநேரம் போயிருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்தால், ரொம்ப நேரம் தூங்கிவிட்டோம் என்று ஒரு அளவு உடம்புக்குத் தெரியும். இதில் அதுகூட இல்லை. எட்டுக்கும் என் பெயருக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

படுத்தபடி யோசித்தேன்: இல்லாமல் இருப்பது இதுதான் என்றால், போய்விட்டு வந்தாயிற்று. ஒன்றுமே இல்லை. கேள்வி கேட்டவரே, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று எழுதத்தான் இன்று கணினியைத் திறந்தேன்.

மார்ச் 15

பிப்ரவரி 26 அன்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தத் தைரியம் சரியாகப் பதினாறு நாள் இருந்தது. நேற்று இரவு மறுபடி படி தவறியது.

ஏன் என்று உட்கார்ந்து யோசித்தேன். மயக்கத்தில் ஒன்றும் இல்லை என்று எனக்கு எப்போது தெரிந்தது? எழுந்த பிறகு. கண்டுபிடித்தவன் விழித்திருந்த நான். திரும்பி வந்து 'ஒன்றுமே இல்லையப்பா' என்று சொல்ல ஆள் இருந்ததால்தான் அது ஆறுதல். சொல்ல ஆளில்லாத ஒன்றும்-இல்லை வேறு.

இன்னொன்று. அறுவைக்கு முந்தின இரவு என்ன செய்தேன் தெரியுமா? இத்தனை பக்கம் இல்லாமையைப் பற்றி எழுதியவன், ஒரு நிமிடம்கூட அதை நினைக்கவில்லை. போன் கடவுச்சொல், மின்னஞ்சல் கடவுச்சொல், காப்பீட்டு எண், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேசை டிராயரில் வைத்தேன். மனைவியிடம் காட்டினேன். அவள் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அப்புறம், 'இந்த அஞ்சு என்ன எஸ் மாதிரி இருக்கு?' என்றாள். திருத்தி எழுதினேன். நன்றாகத் தூங்கினேன்.

என் பயம் இல்லாமல் போவதுதான் என்று பிப்ரவரி 4 அன்று அவ்வளவு உறுதியாக எழுதினேனே, அது சந்தேகமாக இருக்கிறது. உண்மையாகவே ஆபத்து பக்கத்தில் வந்தபோது அந்தப் பயம் எங்கே போயிருந்தது?

மார்ச் 16

வாய்ப்புக் கணக்கைப் பார்த்தால் பயம் போகும் என்று ஒருவர் சொல்கிறார். பார்த்தேன். பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்பவர் 1825இல் கண்டது: வயது ஏற ஏறச் சாவின் வாய்ப்பு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். இன்றைய கணக்குப்படி நடுவயதுக்காரர்களுக்கு ஏறத்தாழ எட்டு வருடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. எனக்கு 46. முப்பதில் இருந்ததைப் போல நான்கு மடங்கு. 78 வயதில் இப்போது இருப்பதைப் போலப் பதினாறு மடங்கு.

பயம் போகவில்லை. ஆனால் மடக்கையைப் போட்டுப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். அந்த வகையில் பரவாயில்லை.

ஏப்ரல் 2

78 என்று ஏன் எழுதினேன் என்று பிறகுதான் உறைத்தது. அப்பா செத்த வயது.

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆறு வருடம் முன்பு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. இயந்திரத்தில் சுத்திகரிப்பது போதும் என்று அவரே முடிவெடுத்தார். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பத்தொன்பது நாள். இரவுப் பொழுது என்னுடையது, பகல் அண்ணனுடையது.

சாவுக்குப் பயந்த பையன் நான், சாவு உட்கார்ந்திருக்கிற அறையில் பத்தொன்பது இரவு இருந்தேன். ஒரு தடவைகூடப் படி தவறவில்லை. நேரம் இல்லை. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். உதடு காய்ந்துபோகும், ஈரப் பஞ்சால் ஒற்ற வேண்டும். சாப்பாட்டை அவராகவே ஒதுக்கினார். வற்புறுத்த வேண்டாம், உடம்பு கேட்பதை நிறுத்திவிட்டது, ஊட்டினால் தொந்தரவுதான் என்று வந்து பார்த்த செவிலியர் சொன்னார். அண்ணனால் அதை ஏற்கவே முடியவில்லை. பட்டினி போட்டுவிட்டோம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கடைசி இரண்டு நாள் மூச்சு மாறியது. ஆழமாக நாலைந்து, அப்புறம் மேலோட்டமாக, அப்புறம் ஒன்றும் இல்லை. நான் மனதுக்குள் எண்ணுவேன். இருபது, இருபத்தைந்து. மறுபடி தொடங்கும். செய்ன்-ஸ்டோக்ஸ் என்று இரண்டு மருத்துவர்களின் பெயர் அதற்கு. தொண்டையில் ஒரு கரகரப்பு வேறு. கேட்கிறவருக்குத்தான் அது கொடுமை, எச்சிலை விழுங்கவோ இருமவோ முடியாததால் வருகிற சத்தம், அவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது என்று அந்தச் செவிலியர்தான் விளக்கினார். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அந்த இரவை நான் தாண்டியிருக்க மாட்டேன். தத்துவம் எதுவும் அன்று இவ்வளவு உதவவில்லை.

நினைவு தெளிவாக இருந்த நாட்களில் அப்பா சாவைப் பற்றிப் பேசவே இல்லை. வாடகைக்கு விட்டிருந்த அறையின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்றார். என் இடது தோள் சாய்ந்திருக்கிறது, பை மாட்டுவதை மாற்று என்றார். ஒருநாள் நடு இரவில் நான் கட்டில் ஓரத்தில் தலை சாய்த்திருந்தேன். 'போய்ப் படுத்துத் தூங்கு. நான் இன்னிக்குப் போகல' என்றார். ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல.

விளக்கை அணைக்க விடமாட்டார், அது ஒன்றுதான் தொல்லை. சுவர்க் கடிகாரம் தெரிய வேண்டுமாம்.

அவருக்குப் பயம் இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை. அவர் போய் நாலு மாதம் கழித்து, எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா படுத்திருந்தபோதுதான் பயம் திரும்பி வந்தது. சாவுப் பயம் என்பதே சும்மா இருக்கிறவர்களின் பயம், நலமாக இருக்கிறவர்களின் பயம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏப்ரல் 3

இதற்குத் தோதாக ஒன்று. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1776 ஆகஸ்டில் செத்தார். மதநம்பிக்கை இல்லாதவர், அதில் ஊரறிந்தவர். ஜூலை 7 அன்று எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் அவரைப் பார்க்கப் போனார். துக்கம் விசாரிக்க என்று சொல்வதைவிட, இந்த மனிதர் கடைசி நேரத்திலாவது பயந்து மாறுகிறாரா என்று பார்க்க. அடியோடு இல்லாமல் போவது உங்களைக் கலக்கவில்லையா என்று கேட்டார். பிறக்கும் முன் இல்லாமல் இருந்தது எவ்வளவு கலக்குகிறதோ அவ்வளவுதான் என்றார் ஹியூம். லுக்ரீஷியஸேதான். உடம்பு உருகிப்போய் இருந்தாலும் சிரித்த முகம். கலங்கிப்போய் வெளியே வந்தது பாஸ்வெல். அவர் இதைப் போய், ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனிடம் சொன்னார். சாவுக்கு ரொம்பப் பயந்தவர் ஜான்சன். ஹியூம் சொன்னதை அவர் நம்பவே இல்லை.

மூன்று பேர். சாகப்போகிறவருக்குப் பயம் இல்லை. பார்க்கப் போனவருக்குப் பயம். கேள்விப்பட்டவருக்குக் கோபம்.

ஏப்ரல் 9

2017இல் வந்த ஓர் ஆய்வும் என் பக்கம்தான். ஆறாத நோய் வந்தவர்கள் வலைப்பதிவில் எழுதியவற்றையும், அப்படி ஒரு நோய் தனக்கு இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு நலமானவர்கள் எழுதியவற்றையும் ஒப்பிட்டார்கள். உண்மையாகவே செத்துக்கொண்டிருந்தவர்களின் எழுத்தில் துயரச் சொற்கள் குறைவு, மகிழ்ச்சிச் சொற்கள் கூடுதல். மரண தண்டனைக் கைதிகளின் கடைசிச் சொற்களிலும் அப்படியே.

ஏப்ரல் 10

ஆனால் யார் வலைப்பதிவு எழுதுவார்கள்? எழுதுகிற அளவுக்குத் தெம்பு உள்ளவர்கள். நாலு பேர் படிக்கிறார்கள் என்று தெரிந்து எழுதுகிறவர்கள். நேற்று ரொம்ப அவசரமாக ஆய்வை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 11

மேலே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தேன். அவருடைய அம்மா கடைசி நாள் வரை பயந்தார், கையை விடவே இல்லை, 'என்னை விட்டுடாதே' என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்கிறார். நலமாக இருக்கிறவர்களின் பயம் என்று நான் எழுதியது தனக்கு அறைந்ததுபோல் இருந்தது என்கிறார்.

மன்னிக்க வேண்டும். ஒரே ஒரு சாவைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் சட்டம் போட்டது என் தப்பு. அந்த வரி செல்லாது.

அவர் எழுதியதைப் படித்ததிலிருந்து இன்னொன்று அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த விளக்கு.

அப்பாவுக்குக் கண்புரை. இடது கண்ணில் ஏறக்குறையப் பார்வையே இல்லை. கண்ணாடி போடாமல் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தில் மணி பார்த்திருக்க முடியாது. அந்தப் பத்தொன்பது நாளும் கண்ணாடி அலமாரியில்தான் இருந்தது. எடுத்து வைத்தவனே நான்தான். ஆறு வருடமாக 'அப்பாவுக்குக் கடிகாரம் தெரிய வேண்டும்' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நான் இன்னிக்குப் போகல என்று அவர் சொன்னதும் எனக்காகச் சொன்னதாக இருக்கலாம். தண்ணீர் வேண்டும் என்று அம்மாவிடம் நான் சொன்னதுபோல.

ஏப்ரல் 12

அண்ணனிடம் கேட்டேன். பகலிலும் ஜன்னல் திரையை மூட விடவில்லையாம். அவனும் கடிகாரம் என்றுதான் நினைத்திருக்கிறான்.

ஏப்ரல் 29

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். 'இவ்வளவு எழுதியும் என் வாதத்தில் எங்கே தப்பு என்று நீங்கள் இன்னும் காட்டவில்லை' என்கிறார். இல்லைதான். முதல் நாளே ஒப்புக்கொண்டேனே. யோசிக்காதவர்கள் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். என் அப்பா இரட்டைப் பதிவுக் கணக்கை முப்பத்தைந்து வருடம் தப்பில்லாமல் எழுதியவர்.

மே 17

டிராயரில் வேறு எதையோ தேடும்போது அந்தத் தாள் கிடைத்தது. பிப்ரவரிக்குப் பிறகு இரண்டு கடவுச்சொற்கள் மாறிவிட்டன. காப்பீட்டைப் புதுப்பித்ததில் எண்ணும் வேறு. பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்தை நிதானமாக, ஐந்து மாதிரியே போட்டேன். பின்னால் வந்து நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள்.

'எங்கே கிளம்பறீங்க?' என்றாள்.

'எங்கேயும் இல்லை, பாஸ்வேர்டு மாறிடுச்சு' என்றேன்.